குதிரைக்கு ஒரு நீதி, கோவேறு கழுதைக்கு ஒரு நீதி

மகனே,

நீ அனுப்பிய வீடியோவை உன் அம்மா நாலைந்து தடவை பார்த்துவிட்டாள். நானும் பார்த்தேன். விடிகாலைக் குளிரில் கோட்டு போட்டுக்கொண்டு, உன் மாமனார் ஊரின் போர் நினைவுத் தூணுக்கு முன்னால் நிற்கிறாய். வலப்பக்க மார்பில் பதக்கங்கள் தொங்குகின்றன. மாமனாருக்கு முழங்கால் வீக்கம் என்றும், அவருக்குப் பதிலாக அவருடைய தாத்தாவின் பதக்கங்களை இந்த வருஷம் நீ அணிந்து ஊர்வலத்தில் நடந்தாய் என்றும் எழுதியிருந்தாய். பெருமையாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. செத்துப்போன ஒரு சிப்பாயை ஊரே கூடி நினைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து என் தொண்டையில் ஒன்று சிக்கி நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

போனில் சொன்னால் "அப்பறமாப் பேசுறேன்ப்பா" என்று வைத்துவிடுவாய். அந்த அப்பறம் வந்ததே இல்லை. அதனால் எழுதுகிறேன். எங்கள் முன்னாள் ராணுவத்தினர் சங்க ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதையே கொடுக்கப் போகிறேன். உன் பெயரும் என் பெயரும் அதில் இருக்காது. மற்றபடி ஒரு வரியையும் உனக்காக மாற்ற மாட்டேன்.

பேரன் பிறந்தபோது நானும் அம்மாவும் ஆஸ்திரேலியா வந்திருந்தோமே, அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் ரான் தன் பண்ணை வீட்டுக்கு எங்களை விருந்துக்கு அழைத்திருந்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்வெளி. சாப்பிட்டு முடித்ததும் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குதிரை மேல் ஒரு இளைஞன். தொப்பியில் இறகு செருகியிருக்கிறான். ஈமு கோழியின் இறகு என்று நீ சொன்னாய். நம் பக்கம் ஈமு கோழி வளர்க்கிறேன் என்று எத்தனை பேர் கையைச் சுட்டுக்கொண்டார்கள், அந்தக் கோழியின் இறகு அங்கே ஒரு படைக்கே அடையாளம் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரான் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், நீ எனக்குத் தமிழில் சொன்னாய். அன்றைக்கு நீ நன்றாகத்தான் சொன்னாய். ஒரு சொல்லையும் விடவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்த இளைஞன் பெயர் டாம். ரானின் தாத்தா. கோதுமைக் காட்டில் கூலி வேலை பார்த்தவர். முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது, தான் வளர்த்த பெண்குதிரையையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். பிரவுனி என்று அதற்குப் பெயர். குதிரைப் படை என்றாலும் வாள் சுழற்றுகிற படை இல்லையாம். குதிரையில் போவார்கள், இறங்குவார்கள், துப்பாக்கியோடு தரையில் நின்று சண்டை போடுவார்கள். கப்பலில் குதிரைகளோடு குதிரையாக எகிப்து போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இறங்கியதும் குதிரைகளை மணலில் கட்டிப்போட்டுவிட்டு, ஆட்களை மட்டும் துருக்கியின் கலிப்போலிக் கரைக்குக் கொண்டுபோய்ப் பதுங்கு குழிக்குள் இறக்கிவிட்டார்கள். கூடப் போன ஊர்க்காரப் பையன்கள் ஒவ்வொருவராக அந்தக் குழிகளிலேயே முடிந்தார்கள். டாமுக்குச் சீதபேதி கண்டு, எலும்பும் தோலுமாகக் கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். எகிப்தில் வந்து இறங்கியபோது பிரவுனி அவரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். ஆள் அவ்வளவு உருமாறிப் போயிருக்கிறார். அதைச் சொல்லும்போது ரான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு பாலைவனம். சினாய் மணலைக் கடந்து பாலஸ்தீனம் வரைக்கும் அந்தக் குதிரை அவரைச் சுமந்தது. ஆளுக்குத் தண்ணீர் இல்லாத நாட்களில் குதிரைக்கும் இல்லை. கிணறுகளைப் பிடிப்பதற்காகவே ஒரு ஊரைப் பிடித்தார்கள். அந்த ஊரை நோக்கிச் சாயங்காலத்தில் குதிரைப் படை பாய்ந்து போனதைத்தான் அந்த நாட்டில் இன்றைக்கும் பாட்டாகவும் படமாகவும் கொண்டாடுகிறார்கள். அந்தப் பாய்ச்சலில் டாம் இல்லை. அவர் வேறு படைப்பிரிவு, வேறு பக்கம் நின்றிருந்தார். மறுநாள் கிணறுகளில் வரிசையில் நின்று குதிரைகளுக்குத் தண்ணீர் இறைத்த ஆட்களில் ஒருவர். ரான் அதை மறைக்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. "என் தாத்தா வீரர் இல்லை, அனுப்பிய இடத்துக்குப் போய் வந்தவர், அவ்வளவுதான்" என்றார். அதற்கடுத்த கோடையை யோர்தான் பள்ளத்தாக்கில் கழித்தார்கள். அதுவும் பள்ளத்தாக்குதான், ஆனால் நம் கம்பம் பள்ளத்தாக்கைப்போல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் தென்னையும் திராட்சைப் பந்தலும் இல்லை. புழுதியும் மலேரியாவும்தான். பக்கத்து முகாமில் நம் நாட்டு ஈட்டிக் குதிரைக்காரர்கள் இருந்தார்களாம். அதைச் சொல்லும்போது ரான் என் தொடையில் தட்டினார்.

போர் முடிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஆனால் குதிரைகள் வரக் கூடாது என்றார்கள். நோய் வந்து சேரும், கப்பலில் இடமில்லை, செலவு என்று காரணங்கள். நல்ல நிலையில் இருந்த குதிரைகளை அங்கேயிருந்த மற்றப் படைகளுக்குக் கொடுத்தார்கள். வயதானவற்றையும் நொண்டியவற்றையும் சுடச் சொன்னார்கள். பிரவுனிக்கு வயதாகிவிட்டது என்று பிரித்து நிறுத்தினார்கள். சுடுவதற்கு முன்னால் லாடங்களைக் கழற்றினார்கள், பிடரியையும் வாலையும் கத்தரித்தார்கள். அந்த மயிருக்கும் விலை உண்டாம். ஒலிவ மரங்களுக்கு நடுவே கட்டி, கொள்ளுப் பையை முகத்தில் மாட்டிவிட்டு விலகிப் போகச் சொன்னார்கள். டாம்தான் பிரவுனிக்குப் பையை மாட்டினார். அது தின்று கொண்டிருக்கும்போது வேறு ஒருவன் சுட்டான். இந்த இடத்தில் ரான் கண் கலங்கி, படத்தின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தார். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். மருமகள் எமிலி உன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்குத் திரும்பிய டாம் அதற்குப் பிறகு குதிரை வைத்துக்கொள்ளவே இல்லையாம். உழவுக்குக் கடன்பட்டு டிராக்டர் வாங்கினாராம்.

பிறகு ரான் படத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார், "எங்கள் குதிரைகளில் சில உங்கள் ஊர்ப் படைக்குத்தான் வந்தன. உங்கள் வீட்டில் யாராவது ராணுவத்தில் இருந்தார்களா?" நீ அதையும் சரியாகவே தமிழில் சொன்னாய். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உன்னிடம் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

"நானேதான் இருந்தேன்னு சொல்லுய்யா. கார்கில் சண்டையில கோவேறு கழுத நடத்துனவன்னு சொல்லு. அவுக தாத்தா மாதிரியே நானும் ஒரு சீவன அங்கன விட்டுட்டு வந்தவன்னு சொல்லு."

நீ என்னைப் பார்க்கவில்லை. ரானைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாய். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது உன் நினைப்பு. ராணுவத்தில் எனக்குக் கற்றுக் கொடுத்த முதல் இங்கிலீஷ் சொல்லே மியூல் என்பதுதான். கோவேறு கழுதைக்கு அதுதான் பெயர். அந்த ஒரு சொல் உன் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தேன். ஆர்மி வந்தது. டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வந்தது. டிரக் வந்தது. அந்தச் சொல் வரவே இல்லை. ரான் முகம் மலர்ந்து, "ஆ, டிரக்" என்றார். அதோடு என் கதை முடிந்தது.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் காலையில் அந்த நல்ல மனுஷன் என்னைக் கைப்பிடித்து அழைத்துப்போய், கொட்டகையில் நிறுத்தியிருந்த தன் பழைய லாரியைக் காட்டினார். மூடியைத் திறந்து இஞ்சினைக் காட்டி ஏதேதோ கேட்டார். எனக்கு மொபெட்டைத் தவிர வேறு வண்டி ஓட்டத் தெரியாது. நான் குனிந்து பார்த்து, தலையாட்டி, ஒரு குழாயைத் தொட்டுப் பார்த்து, மறுபடியும் தலையாட்டினேன். சம்பந்தி வீட்டில் என் மகன் பொய்யன் ஆகிவிடக் கூடாது என்று அந்த வயதில் நான் நடித்தேன். கொட்டகைக்கு அந்தப் பக்கம் வேலியோரத்தில் இரண்டு குதிரைகள் நின்றன. அவற்றின் பக்கம் நான் போகவே இல்லை. போனால் கை சும்மா இருக்காது, தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

திரும்பி வரும்போது காரில் உன்னிடம் கேட்டேன். எமிலி முன்னால் உட்கார்ந்திருந்தாள். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாய், "அவுகளுக்கு அதெல்லாம் புரியாதுப்பா. கழுதன்னு சொன்னா சிரிப்பாக." முந்தின நாள்தான் ஒரு குதிரைக்காக அழுதவர்கள், ஒரு கோவேறு கழுதைக்காகச் சிரிப்பார்கள் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். மகனே, கழுதை என்ற சொல் நம் தமிழில்தான் அந்தப் பிராணியின் பெயரோடு ஒட்டிக் கிடக்கிறது. அவர்கள் பாஷையில் அது இல்லவே இல்லை. சிரிப்பு அந்த ஊரில் இல்லை. நீதான் அதைக் கம்பத்திலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறாய்.

எங்கிருந்து கொண்டுபோனாய் என்பதும் எனக்குத் தெரியும். நம் ஊர் காமயகவுண்டன்பட்டியில் எனக்குப் பெயரே கழுதைப் பட்டாளம்தான். டீக்கடையில், திராட்சைத் தோட்டத்தில், டவுன் பஸ்ஸில், எல்லா இடத்திலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. உனக்கு உறைத்தது. கம்பத்தில் நீ படித்த பள்ளிக்கூடத்தில் ஒருமுறை பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது, "லாரி டிரைவரா இருக்கீங்களாமே, லீவு கிடைச்சதா?" என்று உன் டீச்சர் கேட்டார். அப்போதே நீ என்னை லாரியில் ஏற்றிவிட்டிருந்தாய். சின்னப் பிள்ளைதானே என்று நானும் ஆமாம் போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னபோது உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கோம்பையிலிருந்து வாங்கி வந்த நாய்க்குட்டியின் கழுத்தில் என் பதக்கத்தைக் கட்டிவிட்டு நீ தெருவெல்லாம் ஓடியபோதும் சிரித்தோம். இன்றைக்கு இன்னொருவர் வீட்டுப் பதக்கத்தைக் கோணாமல் குத்தியிருக்கிறதா என்று நீ குனிந்து குனிந்து பார்த்துக்கொள்வதை வீடியோவில் பார்க்கிறேன்.

நீ அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். உன் தாத்தா போடிக்கு மேலே அகமலைப் பக்கம் குதிரை முதுகில் காப்பியும் மிளகும் ஏற்றி இறக்கியவர். அந்தப் பழக்கம் தெரிந்துதான் என்னைப் பிராணிகள் சுமை தூக்கும் பிரிவில் போட்டார்கள். கார்கில் சண்டை வந்தபோது நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாய். லாரி போகிற ரோடு ஒரு இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேலே மலை செங்குத்தாக ஏறும். மேலே இருக்கிறவனுக்குத் தண்ணீர் வேண்டும், குண்டு வேண்டும், ரொட்டி வேண்டும். அதையெல்லாம் எங்கள் கோவேறு கழுதைகள்தான் ஏற்றின. ஒரு பிராணிக்கு ஒரு ஆள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். எதிரி கண்ணில் பட்டால் பீரங்கி பேசும், அதனால் வெளிச்சம் போன பிறகுதான் நகர்வோம். பாதை தெரியாது. காலுக்கடியில் கல் உருளும். எனக்குத் தெரியாத பாதை அதற்குத் தெரியும். அது நின்றால் நான் நிற்பேன். மேலே போகும்போது குண்டுப் பெட்டி. இறங்கும்போதும் சில நாள் சுமை இருக்கும். போர்வையில் சுற்றிக் கட்டிய அந்தச் சுமை என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுமையோடு வரும்போது அது ஒரு நாளும் குலுக்கி நடந்ததில்லை.

ஒரு விடியற்காலையில் இறங்கி வந்துகொண்டிருந்தோம். கீழே முகாம் கண்ணுக்குத் தெரிகிற தூரம். குண்டு ஒன்று பாறையில் விழுந்தது. என்னைத் தரையில் தள்ளியது குண்டுக் காற்றா, என் கோவேறு கழுதையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுந்து பார்த்தபோது நான் முழுசாக இருந்தேன். அதன் முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கத்தவில்லை. மூன்று காலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. முகாமிலிருந்து டாக்டர் வந்து பார்த்தார், கட்டுப் போட ஒன்றுமில்லை என்றார். எங்கள் ஹவில்தார் என்னைப் போகச் சொன்னார். நான் போகவில்லை. சட்டைப் பையில் அதற்காக எப்போதும் வைத்திருக்கும் வெல்லக்கட்டியை எடுத்து வாயில் வைத்தேன். கடிக்காமல் நாக்கால் அதை ஒதுக்கி வைத்துக்கொண்டு நின்றது. கயிறு என் கையில்தான் இருந்தது. வெடிச்சத்தம் கேட்டபோது கயிறு கனத்தது. அந்தக் கனம் மட்டும் என் கையை விட்டுப் போகவே இல்லை. மறுநாள் வேறொன்றின் கயிற்றை என்னிடம் கொடுத்தார்கள். நானும் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

இதைத்தான் ரானிடம் சொல்ல நினைத்தேன். பெருமைக்காக இல்லை. எனக்கு முன்னால் கண்கலங்கி உட்கார்ந்திருந்த மனுஷனிடம், "உங்க தாத்தா பட்டது எனக்குத் தெரியும்" என்று சொல்லக்கூடிய ஆள் அந்த மேசையில் நான் ஒருவன்தான் இருந்தேன். அதைச் சொல்லவிடாமல் என்னை லாரிக்காரனாக்கி அனுப்பினாய். இன்னொன்றையும் ரான் அன்று சொன்னார், நீ அதைத் தமிழில் சொல்லும்போது கவனித்தாயா தெரியவில்லை. டாம் உயிரோடு இருந்தவரை இதில் ஒரு வார்த்தையையும் பிள்ளைகளிடம் பேசியதில்லை, அந்த ஊர்வலத்துக்கும் போனதில்லை. அவர் செத்த பிறகுதான், பாட்டியிடம் கேட்டும் கூட இருந்தவர்களைத் தேடிப்பிடித்தும் பேரன் கதையைச் சேர்த்திருக்கிறார். உயிரோடு இருந்த டாமை யாரும் கேட்கவில்லை. எந்த ஊரானாலும் பிள்ளைகள் ஒரே மாதிரிதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். உன் மகனும் ஒரு நாள் உன்னை நாலு பேருக்கு முன்னால் வேறு ஆளாக ஆக்கிச் சொல்வான். அப்போது உனக்குக் கோபம் வராது, வலிக்கும். அந்த வலியோடு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையாட்டப் பழகிக்கொள். நான் பழகியிருக்கிறேன்.

இதையும் விழுங்கியிருப்பேன். போன வாரம் நீ போன் பண்ணாமல் இருந்திருந்தால். தை மாதம் ரானும் அவர் மனைவியும் உங்களோடு இங்கே வருகிறார்கள் என்று சொன்னாய். சந்தோஷப்பட்டோம். சுருளி அருவிக்குக் கூட்டிப் போகலாமா, தேக்கடிக்குப் போகலாமா என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நீ சொன்னாய்.

"அப்பா, அவுக கேட்டா லாரி ஆபீஸுன்னே சொல்லிருங்க. தெருவுல யாரும் கழுதப் பட்டாளம்னு கூப்புடாமப் பாத்துக்கங்க."

உன் அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள். "ஏலே, உங்கப்பா கழுத நடத்துன சம்பளத்துலதான் நீ ஏரோப்பிளேன் ஏறுன. வர்றவுகளுக்கு நா சோறாக்கிப் போடுறேன். பொய்யாக்கிப் போட எனக்குத் தெரியாது" என்று சொல்லி வைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் உன்னிடம் கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பேரனைக் காட்ட எமிலி கூப்பிட்டாள். நீ கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் "மாமா சாப்டாச்சா" என்றாள். நான் அவளிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீஷில்தான் சொன்னேன். டிரக் இல்லை, மியூல் என்றேன். வார் என்றேன். மை மியூல் என்று சொல்லி, முன்னங்கையை முழங்கைக்குக் கீழே தொங்கவிட்டுக் காட்டினேன். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டு, போனைப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டாள். யார் சுட்டது என்று கேட்டாள். நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா என்று கேட்டாள். அவள் சிரிக்கவில்லை, மகனே.

கடைசியில், அதன் பெயர் என்ன என்று கேட்டாள். நேம் என்ற சொல் யாருக்குத்தான் புரியாது. ராணுவம் அதற்கு வைத்தது குளம்பில் சுட்ட ஒரு எண் மட்டும்தான். நான் வைத்த பெயர் ஒன்று இருந்தது. உன் அம்மாவுக்குக்கூட அது தெரியாது. சொன்னேன். அவள் வாயில் அது சரியாக வரவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னாள். சரியாக வரும் வரைக்கும் சொல்லிப் பார்த்தாள். தன் அப்பாவிடம் இன்றைக்கே சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

இந்நேரம் ரானுக்குத் தெரிந்திருக்கும். ஏன் மாற்றிச் சொன்னாய் என்று உன்னைக் கேட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் கேட்பார்கள். அதற்கான பதிலை நீதான் தேடிக்கொள்ள வேண்டும், என்னிடம் இல்லை. தை மாதம் எல்லோரும் வாருங்கள். அம்மா திராட்சைக் குலைகளை வியாபாரிக்குக் கொடுக்காமல் உங்களுக்காக ஒரு பந்தலை விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெயரை மட்டும் உனக்கு இங்கே எழுதப் போவதில்லை. நீ கேட்டதில்லை. இப்போது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் உன் பெண்டாட்டியிடம் கேட்டுக்கொள்.

உன் அப்பா